ஆய்வகத்துக்குள் யார் இருந்தார்கள்? சென்னை ஐ.ஐ.டி.யும் அயல்நாட்டுக் கூட்டுறவும்

அயல்நாடுகளோடு சேர்ந்து ஆய்வு செய்தால் நாட்டில் புதிய கண்டுபிடிப்புகள் பெருகும் என்று எல்லா அரசுகளும் சொல்கின்றன. நாமும் அதை மறுக்கவில்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கரின் வழி வந்தவர்கள் நாம். கடல் தாண்டிய கல்வியின் அருமை நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூட்டுறவில் இந்தியாவின் பெயரால் கைகுலுக்கியவர்கள் யார்? யாருடைய சிக்கலைத் தீர்க்கக் குலுக்கினார்கள்?

ஐ.ஐ.டி.களின் கதையைப் பார்ப்போம். முதல் ஐ.ஐ.டி. 1951-இல் கரக்பூரில் வந்தது. அடுத்து வந்தவற்றுக்கு ஆளுக்கொரு நாடு துணை நின்றது. பம்பாய்க்கு யுனெஸ்கோ வழியாக சோவியத் ஒன்றியம், கான்பூருக்கு அமெரிக்கா, டெல்லிக்கு பிரிட்டன், சென்னைக்கு மேற்கு ஜெர்மனி. 1956-இல் நேரு மேற்கு ஜெர்மனி சென்றபோது பேச்சு தொடங்கியது. 1959-இல் பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு கிண்டிக் காட்டை ஒட்டி நிறுவனமும் தொடங்கிவிட்டது.

பலன் இல்லாமல் போகவில்லை. கான்பூருக்கு 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக உதவின. 1963-இல் அங்கே ஐ.பி.எம். 1620 கணினி வந்து இறங்கியது. இந்தியாவில் கணினிக் கல்வி வேர்பிடித்த இடங்களில் அது முதன்மையானது. பிற்காலத்தில் மென்பொருள் துறை எழுந்ததற்கு அந்த வகுப்பறைகளும் ஒரு காரணம். சென்னைக்கு ஜெர்மன் பேராசிரியர்களும் பட்டறை மேற்பார்வையாளர்களும் வந்தார்கள். இங்குள்ள ஆசிரியர்கள் பயிற்சிக்காக அங்கே போனார்கள். ஆய்வகங்கள் நிறைந்தன.

இந்தப் பட்டறை விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இரும்பைத் தொட்டு, கை அழுக்காகி வேலை கற்பது ஜெர்மன் தொழிற்கல்வியில் மதிப்புக்குரியது. நம் ஊரிலோ உலோகத்தையும் தோலையும் மரத்தையும் மண்ணையும் தலைமுறை தலைமுறையாகத் தொட்டுப் பழகிய கைகள் 'கீழ்' என்று முத்திரை குத்தப்பட்டவை. அந்தக் கைகளுக்கு அறிவியலும் அந்த எந்திரங்களும் சேர்ந்து கிடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அதைச் சோதித்துப் பார்க்கவே இந்த நாடு விடவில்லை.

சென்னை ஐ.ஐ.டி. தொடங்கியபோது மாணவர் சேர்க்கையில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு இல்லை. சர்தார் படேல் சாலைக்கு மறுபுறம் இருந்த கிண்டி பொறியியல் கல்லூரியில் இருந்தது. நீதிக்கட்சிக் காலத்து வகுப்புவாரி ஆணையிலிருந்து போராடிப் பெற்ற உரிமை அது. அந்த உரிமை சாலையைக் கடந்து ஐ.ஐ.டி.க்குள் நுழைய 1973 வரை ஆனது. பிற்படுத்தப்பட்டோருக்கு 2008 வரை. முதல் 14 ஆண்டுகளில் ஜெர்மானியர்கள் கற்றுக்கொடுத்ததைப் பெற்றுக்கொண்டவர்கள் பெரும்பாலும் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யை ஆராய்ந்து அஜந்தா சுப்பிரமணியன் 2019-இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். சாதி வழியே வந்த வசதி எப்படித் 'தகுதி' என்று பெயர் மாற்றிக்கொண்டது என்பதே அதன் கரு. மாணவத் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

அதே 2019-இல் மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணி இட ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. சிறப்பு மிக்க ஆய்வு நிறுவனங்கள் என்று ஒரு பட்டியல் போட்டு அவற்றுக்கு விலக்கு அளித்தது அந்தச் சட்டம். டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனமும் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையமும் தரமணி கணித அறிவியல் நிறுவனமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உலக விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து பேசும் மேசைகள் எங்கே இருக்கின்றனவோ, அங்கே நம் நாற்காலிக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை.

இதனால் இழப்பு நமக்கு மட்டுமா? ஆய்வுக்கான கேள்வி ஆய்வாளரின் வாழ்க்கையிலிருந்து முளைப்பது. 1959-லும் இந்த நகரத்தில் மனிதர்கள் மலம் அள்ளினார்கள். அதைத் தடை செய்ய 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். இருந்தும் நச்சுவாயு தாக்கிச் சாவது நிற்கவில்லை. பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் 'பேண்டிகூட்' எந்திரம் 2018-இல் திருவனந்தபுரத்தில் இறங்கியது. அதை உருவாக்கியவர்கள் ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் அல்லர். கேரளத்தின் ஒரு சாதாரணப் பொறியியல் கல்லூரியில் படித்த இளைஞர்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஹோமோசெப்' எந்திரம் 2022-இல் களத்துக்கு வந்தது. கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதனுக்குப் பதிலாக இறங்குவது அது. அதற்குக் கைகொடுத்தது எந்த அயல்நாட்டுப் பல்கலைக்கழகமும் அல்ல, தூய்மைத் தொழிலாளர்களுக்காகப் போராடும் சஃபாய் கர்மச்சாரி அந்தோலன். ஜெர்மன் ஒப்பந்தத்துக்கும் இந்த எந்திரத்துக்கும் இடையே 63 ஆண்டுகள்.

அதே 2022-இல் இன்னொன்றும் நடந்தது. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் ஆய்வு செய்ய ஒன்றிய அரசு வழங்கும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1950-களிலிருந்து இருந்து வருகிறது. ஆண்டுக்கு மொத்தமே 125 இடங்கள். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு அந்தப் பணம் இனிக் கிடைக்காது என்று புதிய விதி வந்தது. 1916-இல் கொலம்பியாவில் அண்ணல் படித்தளித்த ஆய்வுரை, இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின என்பதைப் பற்றியது.