பிச்சிப்பூவின் மணம்: தோலில் அது மாறும் விதம்

பிச்சி (சாதிமல்லி) தமிழக–கேரள எல்லையிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்ப்புறங்களில் தலையில் சூடப்படும் மல்லிகை இனம். பழவாசனையும் பூவாசனையும் கலந்த சென்ட் தோலில் எப்படி மாறுகிறது என்பதை விளக்க இப்பூவே போதும். அதன் மணத்தில் பேரிக்காய், வாழைப்பழச் சாயலுள்ள பென்சைல் அசிடேட், பீச் பழச் சாயலுள்ள ஜாஸ்மின் லாக்டோன், லினலூல், சிஸ்-ஜாஸ்மோன், இண்டோல் ஆகியவை சேர்ந்திருக்கின்றன. ஆகவே பழவாசனை என்பது பூவின் மேல் பூசப்பட்ட தனி அடுக்கு அன்று. அது பூவின் மணத்திலேயே ஒரு பங்கு.

மணங்களை அடுக்காகப் பிரிக்கும் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் வாசனைத் தொழிலர் செப்டிமஸ் பியெஸ் மணங்களை இசைச் சுரங்களைப் போல வரிசைப்படுத்தினார். 1950களில் வில்லியம் பூச்சர், வாசனைப் பொருள்கள் எவ்வளவு நேரம் நீடிக்கின்றன என்று பார்த்து அவற்றுக்கு 1 முதல் 100 வரை எண் கொடுத்து, மேல், நடு, அடி என மூன்றாக வகுத்தார். பிரான்சில் ழான் கார்ல் இதே மூன்று பிரிவுகளை வைத்து வாசனைக் கலவையைக் கற்பித்தார். பயிற்சிக்கு இப்பகுப்பு உதவும். நிகழ்வதை அது அப்படியே காட்டுவதில்லை. கனம் குறைந்த மூலக்கூறு முதலில் பறக்கும் என்பது பொது விதி. ஆனால் இண்டோலின் மூலக்கூற்று எடை 117, பென்சைல் அசிடேட்டுக்கு 150. அப்படியிருந்தும் இண்டோலே பின்வரை நிற்கிறது. அதன் கொதிநிலை ஏறத்தாழ 254 பாகை, மற்றதற்கு 212. மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் வலிமையும் இங்கே சேர்ந்து கணக்காகிறது. எல்லாப் பொருள்களும் முதல் நொடியிலேயே எழுகின்றன. மாறுவது அவற்றின் விகிதம் மட்டுமே. பென்சைல் அசிடேட் குறையக் குறைய, முன்பு அதற்கடியில் கிடந்த இண்டோலின் கனத்த நெடி தூக்கலாகத் தெரிகிறது.

ஒரே சென்ட் ஆளுக்கு ஆள் வேறாக மணக்கிறதே என்பர். தோலின் நொதிகள் பென்சைல் அசிடேட்டைப் பென்சைல் ஆல்கஹாலாகப் பிரிப்பது உண்மை. ஆயினும் அது தோலுக்குள் இறங்கிய பங்குக்கு நேர்வது. மூக்கை எட்டுவது மேலெழும் பங்கு. வெப்பம் மணத்தை விரைவில் கிளப்புகிறது, தோலின் எண்ணெய்ப்பசை பிடித்து வைக்கிறது. வேற்றுமைக்குப் பெரும்பாலும் இவையே காரணம். பூசியவருக்கு மணம் போய்விட்டதாகத் தோன்றுவது பெரும்பாலும் மூக்கு பழகிப்போவதால். சூடிய பூ நெடுநேரம் மணக்கிறதே என்ற மறுப்பு இன்னும் வலுவானது. அதற்கு விடை பூவின் உயிர்ப்பில் இருக்கிறது. பறித்த பிச்சி அதன் பிறகும் மணத்தை உண்டாக்குகிறது. கொழுப்பின் மேல் பூவைப் பரப்பி மணம் எடுக்கும் முறையில், கரைப்பானில் கிடைப்பதைவிடப் பல மடங்கு எண்ணெய் கிடைத்ததை 1900ஐ ஒட்டி ஜெர்மன் வேதியியலர் ஆல்பர்ட் ஹெஸ்ஸே காட்டினார். தோலில் தெளித்த சென்ட்டுக்கு அந்த வரவு இல்லை. இருப்பு மட்டுமே செலவாகிறது.