சிறைக்கோட்டத்துப் பெண்கள்: எழுதியவர்களும் எழுதப்படாதவர்களும்

தமிழ்க் காப்பியங்களுள் சிறையைப் பற்றி விரிவாகப் பேசுவது மணிமேகலை. காயசண்டிகையின் வடிவில் அமுதசுரபியை ஏந்திப் புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்துள் நுழையும் மணிமேகலை, அங்கே பசியால் வாடுவோர்க்கு உணவளிக்கிறாள். செய்தியறிந்த மன்னன் அவளை அழைத்து, வேண்டுவது யாதென வினவுகிறான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்பதே அவள் விண்ணப்பம். மன்னனும் இசைகிறான். கதை இவ்வளவில் நின்றிருந்தால் அது நல்லதோர் அறவுரையாக அமைந்திருக்கும். சாத்தனார் மேலும் செல்கிறார். உதயகுமரன் காஞ்சனன் வாளுக்கு இரையான பின், குற்றமற்ற மணிமேகலையே காவலுக்கு உள்ளாகிறாள். மகனை இழந்த அரசமாதேவி அவளுக்குப் பித்தேறும்படி மருந்தூட்டுகிறாள். புழுக்கறையில் அடைத்து உணவை மறுக்கிறாள். சிறைசெய் காதை, சிறைவிடு காதை எனக் காதைகளின் பெயர்களிலேயே சிறை இடம்பெற்று விடுகிறது.

அவள் யார், எதனால் அடைபட்டாள், குற்றம் யாருடையது என்பவை அனைத்தும் காப்பியத்தைக் கற்பவர்க்குத் தெரியும். கவிஞர் அவள் பக்கம் நின்று அவற்றைச் சொல்லியிருக்கிறார். வரலாற்றுச் சிறைகளில் வாழ்ந்த பெண்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அவர்களுள் மிகச் சிலரே தம் கதையைத் தாமே எழுதினர். வேறு சிலருடைய கதையைப் பிறர் எழுதினர். பெரும்பான்மையோர் பதிவேட்டில் ஓர் எண்ணாக மட்டும் எஞ்சினர். 1930-களில் சென்னை மாகாணத்துச் சிறைகளில், சிறப்பாக வேலூர்ப் பெண்கள் சிறையில், இம்மூவகையினரும் ஒரே மதிலுக்குள் வாழ நேர்ந்தது. விடுதலைப் போராட்ட வரலாற்றின் ஒரு பக்கமாகவே பேசப்பட்டு வரும் அந்நிகழ்வு, சிறைப்பட்ட எளிய பெண்களின் வரலாற்றுக்கும் ஒரு சாளரத்தைத் திறந்து வைத்தது.

சட்டம் கண்ட பெண் கைதி

இந்தியச் சிறைகளை நெடுங்காலம் ஆண்டது 1894-ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் சட்டம். ஆண் கைதிகள் காணவோ பேசவோ இயலாத வகையில் பெண் கைதிகளைப் பிரித்து வைக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. கைவிலங்கு, கால்விலங்கு, கசையடி ஆகிய தண்டனைகளிலிருந்து பெண்களுக்கு விலக்களித்தது. 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், கருவுற்ற பெண்ணுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை ஒத்திவைக்கவும் குறைக்கவும் இடந்தந்தது. பெண்ணின் உடலைப் பற்றிச் சட்டம் இவ்வாறு ஓரளவு சிந்தித்தது. அவளது வாழ்க்கை நிலையைப் பற்றி அது சிந்திக்கவில்லை.

பெண் கைதிகள் தொகையில் குறைந்தவர்கள். எனவே அவர்களுக்கென அமைந்த சிறைகளும் மிகச் சிலவே. தெலுங்கு, தமிழ், கன்னடம், மலையாளம் எனப் பல மொழி பேசுவோர் வாழ்ந்த பெரும் மாகாணத்தில், தொலைவூர்ப் பெண்ணொருத்தி வேலூருக்கு அனுப்பப்பட்டால் உறவினர் வந்து 'மனு' போட்டுப் பார்ப்பது எளிதன்று. வழிச்செலவுக்குப் பணம் வேண்டும். ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். சிறைப்பட்டவளை உறவென்று ஏற்றுக்கொள்ளும் மனமும் வேண்டும். ஆண் சிறை சென்றால் மனைவி காத்திருப்பாள். பெண் சிறை சென்றால் அவள் திரும்பி வருவதற்கு வீடு இருக்கும் என்பது உறுதியில்லை.

எக்குற்றங்களுக்காகப் பெண்கள் சிறைப்பட்டனர் என்பதை நோக்கினால், பல வழக்குகளில் குடும்பமே குற்றத்தின் களமாக இருந்தது புலனாகும். 1881-ஆம் ஆண்டில் சூரத்தைச் சேர்ந்த விசயலட்சுமி என்னும் கைம்பெண், தனக்குப் பிறந்த குழவியைக் கொன்றதாக மரண தண்டனை பெற்றார். பின்னர் அத்தண்டனை குறைக்கப்பட்டது. அவ்வழக்கை ஒட்டி எழுந்த வசைமொழிகளால் உள்ளம் கொதித்தே தாராபாய் ஷிண்டே 1882-இல் மராத்தியில் ஆண் பெண் ஒப்பீட்டு நூலை எழுதி வெளியிட்டார். கைம்பெண் மறுமணத்தைத் தடுத்த சமூகத்தை விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை. அத்தடையால் நிகழ்ந்த கொடுமைக்கு அவள் ஒருத்தியே பொறுப்பேற்றாள்.

விடுதலைக்குப் பின்னும் இந்நிலை தொடர்ந்தமைக்கு மத்திய பாரத உயர்நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கு சான்றாகும். வீட்டில் நாத்தியோடு நேர்ந்த பூசல் தாளாமல், ஒரு தாய் தன் பிள்ளைகளுடன் கிணற்றில் குதித்தாள். பிள்ளைகள் இறந்தனர், தாய் காப்பாற்றப்பட்டாள். சட்டத்தின் கண்ணில் அது கொலையே என்று நீதிமன்றம் முடிவு செய்தது; ஆயினும் தண்டனையைக் குறைக்குமாறு அரசுக்குப் பரிந்துரைத்தது. தானும் சாக விரும்பியவள் பிழைத்துக்கொண்டமையால் கொலைக் கைதியானாள். பிள்ளைகளை இழந்த துயரத்தைச் சிறைச்சுவருக்குள் தனியே சுமக்க நேர்ந்த அவள் எழுதிய குறிப்பு என்று ஒன்றும் இலக்கியத்தில் இல்லை.

மூன்று வகுப்புகள்

லாகூர்ச் சிறையில் 63 நாட்கள் உண்ணாநோன்பிருந்து 1929 செப்டம்பரில் ஜதீந்திரநாத் தாஸ் உயிர்நீத்தார். சிறை நிலைமை குறித்து நாடெங்கும் எழுந்த கொதிப்பின் விளைவாக, 1930-இல் அரசு கைதிகளை ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாகப் பிரித்தது. சமூக நிலை, கல்வி, வாழ்ந்து பழகிய வசதி ஆகியவை அளவுகோல்களாயின. உயர் வகுப்பினர்க்கு நல்லுணவு, நூல்கள், சொந்த உடை முதலியன கிடைத்தன. சி வகுப்பினர்க்குக் கஞ்சியும் களியும், முரட்டுத் துணியும், கட்டாய வேலையும் வாய்த்தன. சிறை செல்வதைக் 'களி தின்பது' என்று தமிழ் மக்கள் வழங்குவது அவ்வாழ்வின் சுருக்கமான வரலாறு.

நாட்பொழுது முழுதும் ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. விடியலில் கொட்டடி திறத்தல், தலை எண்ணுதல், கஞ்சி, வேலை, உணவு, மீண்டும் வேலை, மாலையில் மறுபடியும் எண்ணுதல், இருட்டும் முன்னே பூட்டுதல் என்று அது நடந்தது. வீட்டில் விளக்கேற்றும் வேளையில் இங்கே கதவு பூட்டப்பட்டது. தானியம் புடைத்தல், அரைத்தல், தைத்தல் முதலிய வேலைகள் வீட்டில் செய்தவையே. வீட்டில் அவற்றைச் செய்து யாருக்கேனும் உணவிட்டாள். சிறையில் அவ்வுறவு அற்றுப்போய் வேலை மட்டும் எஞ்சியது.

வேலூரில் ஒரு புதிய கூட்டம்

1930-இல் வேதாரண்யம் உப்பு அறப்போரில் கைதான ருக்மிணி லட்சுமிபதி, உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற முதற்பெண்மணி என்று போற்றப்படுகிறார். அவரைத் தொடர்ந்து நற்குடும்பத்துப் பெண்கள் என்று சமூகம் மதித்த பலர் வேலூர்ச் சிறைக்குள் நுழைந்தனர். பெயர்பெற்ற வழக்குரைஞரும் காங்கிரஸ் தலைவருமான எஸ். சீனிவாச ஐயங்காரின் மகள் அம்புஜம்மாள், அந்நியத் துணி மறியலுக்காக 1932-இல் சிறைப்பட்டார். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி வந்த நாவலாசிரியை வை. மு. கோதைநாயகி அம்மாளும் மறியலில் ஈடுபட்டுச் சிறை சென்றார். பள்ளிக் கல்வி வாய்க்காத நிலையிலும் கதைகளைச் சொல்லி எழுதுவித்து எழுத்துலகில் நுழைந்தவர் அவர். சிறையிலிருந்தபோதும் அவர் எழுத்து நிற்கவில்லை. 'உத்தமசீலன்' அங்கு உருவான நாவல்.

கடலூர் அஞ்சலை அம்மாளின் வரலாறு வேறு தன்மையது. நெசவாளர் குடும்பத்தில் பிறந்து ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே பயின்ற அவர், 1927-இல் சென்னையில் நடந்த நீல் சிலை அகற்றும் போராட்டத்தில் ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவுடன் கலந்துகொண்டார். அச்சிறுமியைப் பின்னர் காந்தியடிகள் வார்தாவுக்கு அழைத்துச் சென்று லீலாவதி எனப் பெயரிட்டார். 1932-இல் அஞ்சலை அம்மாள் வேலூர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டபோது கருவுற்றிருந்தார். பேற்றுக்காக வெளியே விடப்பட்ட அவர், மகன் பிறந்த சில நாட்களிலேயே சிறைக்குத் திரும்பினார். பின்னாளில் மும்முறை சட்டமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1938-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மற்றொரு பெண்கள் கூட்டத்தைச் சிறைக்கு அனுப்பியது. மருத்துவர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முதலியோர் முன்னின்றனர். 1937 முதல் 1940 வரை நீடித்த அப்போராட்டத்தில் தண்டனை பெற்ற பெண்கள் 73 பேர். அவர்களோடு சிறை புகுந்த குழந்தைகள் 32 பேர். இவ்விரண்டாம் எண் ஆழ்ந்து எண்ணத்தக்கது. தாய் கொள்கைக்காகச் சென்றாள். குழந்தை தாய்க்காகச் சென்றது. இவர்கள் வெளிவந்தபோது மாலையும் பாராட்டும் காத்திருந்தன. அதே காலத்தில் களவுக்காகவோ கொலைக்காகவோ சிறைப்பட்ட தாயின் மடியிலிருந்த குழந்தையை வரவேற்க வாயிலில் எவரும் நின்றதில்லை.

கேட்டவர் ஒருவர்

அரசியல் கைதிகளுக்கும் ஏனைய கைதிகளுக்கும் இடையே வகுப்பு என்னும் மற்றொரு சுவர் இருந்தது. அச்சுவரைத் தாண்டிப் பார்த்தவர்களுள் துர்காபாய் தலையாயவர். 1909-இல் இராஜமுந்திரியில் பிறந்து எட்டு வயதில் மணம் செய்விக்கப்பட்டு, அறிவறிந்த பருவத்தில் அம்மணத்திலிருந்து விலகியவர் அவர். சென்னையில் நடந்த உப்புச் சத்தியாக்கிரகத்தில் முன்னின்று, 1930-க்கும் 1933-க்கும் இடையே மும்முறை சிறை சென்றார். வேலூரிலும் மதுரையிலும் அடைபட்டார். மதுரையில் தனிக்கொட்டடியில் வைக்கப்பட்டு, தூக்குத் தண்டனையை எதிர்நோக்கியிருந்தோரின் அருகே நாட்களைக் கழித்தார்.

சிறையில் அவரை உலுக்கியது தம் துன்பத்தினும் உடனிருந்த பெண்களின் நிலையே. எழுத்தறியாத அவர்களுட் பலர், தம்மீது சாட்டப்பட்ட குற்றம் யாது, நீதிமன்றத்தில் நடந்தது என்ன என்பதை அறியாமலே நீண்ட தண்டனை பெற்றிருந்தனர். தமக்காக வாதிட ஆளில்லை. தாமே எடுத்துரைக்கவும் வழி தெரியவில்லை. சட்டம் கற்று இத்தகையோர்க்குக் கட்டணமின்றி வழக்காட வேண்டும் என்னும் எண்ணம் அங்கே துர்காபாய்க்கு முளைத்தது. விடுதலையான பின் மெட்ரிகுலேஷனிலிருந்து தொடங்கிப் படித்தார். பட்டமும் சட்டமும் பயின்று, 1940-களில் சென்னையில் வழக்குரைஞரானார். இதற்கிடையே 1937-இல் ஆந்திர மகிள சபையை நிறுவினார். பின்னர் அரசமைப்பு அவையிலும் திட்டக் குழுவிலும் இடம்பெற்று, 1953-இல் அமைந்த மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார்.

கண்ணகி வழக்குரைத்தாள்; அரசன் கேட்டான்; தவறு தவறென்று நிலைபெற்றது. நெடுஞ்செழியன் அவையில் அவளுக்குத் தன் மொழி இருந்தது, கையில் சிலம்பு சான்றாக இருந்தது. துர்காபாய் கண்ட பெண்களுக்கு அவ்விரண்டும் இல்லை. மொழி தெரியாத மன்றத்தில், சான்று காட்ட அறியாமல், கேட்ட வினாவுக்குத் தலையசைத்தவள் அத்தலையசைப்பாலேயே தண்டனை பெறக்கூடும். தன் கதையைச் சொல்லும் ஆற்றல் அழகியல் சார்ந்த ஒன்று மட்டுமன்று. உயிர் சார்ந்த உரிமையுமாகும்.

சாளரத்தின் பின்

இவ்வுரிமை சட்டமாக நெடுங்காலம் பிடித்தது. 1976-இல் அரசமைப்பின் 42-ஆம் திருத்தம் இலவசச் சட்ட உதவியை அரசின் நெறியாக்கியது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1995-இல் நடைமுறைக்கு வந்தது. பெண் எவராயினும், காவலில் உள்ளோர் எவராயினும் வருமான வரம்பின்றிச் சட்ட உதவி பெறலாம் என்று அது வழிசெய்தது. பெண் கைதிகளின் நிலையை ஆராய நீதியரசர் கிருஷ்ணய்யர் தலைமையில் அமைந்த குழு 1987-இல் அறிக்கை தந்தது. 2006-இல் உச்சநீதிமன்றம், சிறையில் தாயுடன் குழந்தை ஆறு வயது வரை இருக்கலாம் என்றும், சிறையில் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றில் சிறையைப் பிறப்பிடமாகக் குறிக்கலாகாது என்றும் நெறி வகுத்தது. 2024 அக்டோபரில், சாதி பார்த்துச் சிறைவேலை பகிர்வது அரசமைப்புக்கு முரண் என்றும் தீர்ப்பளித்தது.

விதிகள் வந்தும் துயர் தீர்ந்துவிடவில்லை. 2022-ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி, இந்தியச் சிறைகளில் உள்ளோரில் நூற்றுக்கு நால்வர் அளவினரே பெண்கள். 1,500-க்கும் மேற்பட்ட தாய்மார் தம் பிள்ளைகளுடன் சிறையில் இருந்தனர். கைதிகள் அனைவரிலும் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணை முடியாதவர்கள். தொகையிற் குறைந்தவர்கள் கவனத்திலும் குறைந்துபோவது ஆட்சியின் இயல்பு. அக்குறையை நிரப்பும் கடமை வரலாற்றாசிரியர்க்கும் இலக்கியவாணர்க்கும் உண்டு.

தியாகிகளின் சிறைக்குறிப்புகள் இதுகாறும் வீர வரலாறாகவே கற்கப்பட்டு வந்துள்ளன. அவற்றை மறுபடியும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். களிச்சட்டியைத் தூக்கி வந்தவள், அடுத்த கொட்டடியில் இரவில் அழுதவள், பாடம் கேட்க வந்து அமர்ந்தவள் என ஓரிரு வரிகளில் தோன்றி மறையும் பெண்களைத் தொகுத்தால், எழுதப்படாத ஒரு வரலாறு உருப்பெறும். பழைய வழக்குத் தீர்ப்புகளும் கருணை மனுக்களும் அவ்வரலாற்றுக்கு மூலங்களாகும். மணிமேகலை சிறைக்கோட்டத்துள் புகுந்தபோது, அங்கிருந்தோர் செய்த குற்றம் யாதென்று கேட்கவில்லை; பசி உண்டா என்றே பார்த்தாள். அவர்களைப் பற்றி எழுதப் புகுவோர் முதலில் கேட்க வேண்டுவதும் குற்றத்தின் பெயரையன்று, அவள் பெயரையே.