மொழியாசிரியர் பயிற்சியில் விமர்சனக் கல்வியியல்

மொழி கற்பித்தலைச் சமூக அதிகாரத்தோடு இணைத்துப் பார்க்க வருங்கால ஆசிரியர்களைப் பழக்கும் அணுகுமுறை இது. யாருடைய வழக்கு ‘சரியான மொழி’ ஆகிறது, பாடநூலில் யாருடைய வாழ்க்கை இடம்பெறுகிறது போன்ற கேள்விகளை இலக்கணம், உச்சரிப்பு ஆகியவற்றோடு சேர்த்தே எழுப்புகிறது.

தோற்றம்

இதன் வேர் பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் (1921–1997) முதியோர் எழுத்தறிவுப் பணியில் உள்ளது. 1963இல் ஆங்கிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 பேருக்கு எழுத்தறிவு புகட்டும் திட்டத்தை அவர் வழிநடத்தினார். அவரது முறையில், செங்கல் போன்ற அன்றாடப் பொருளின் படத்தைப் பார்த்துக் கற்போர் முதலில் தங்கள் உழைப்பைப் பற்றிப் பேசுவர். பிறகு அதன் பெயரை அசைகளாகப் பிரித்து, அவற்றிலிருந்து புதிய சொற்களைத் தாங்களே உருவாக்குவர். 1964 இராணுவப் புரட்சிக்குப் பின் ஃப்ரெய்ரே சிறைப்பட்டு நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

மொழிக் கல்வியில்

ஆங்கிலக் கற்பித்தல் துறையில் அலஸ்டேர் பென்னிகுக், குமாரவடிவேலு, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சுரேஷ் கனகராஜா முதலியோர் இச்சிந்தனையை வளர்த்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆங்கில வகுப்பு ஒன்றைப் பற்றிய ஆய்வைக் கனகராஜா 1993இல் வெளியிட்டார். அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் மாணவர்கள் கிறுக்கியிருந்த படங்களும் குறிப்புகளும் அதில் முக்கியச் சான்றுகள். நூலுக்கும் தங்கள் வாழ்வுக்கும் இருந்த தொலைவை அவை காட்டின. அதே மாணவர்கள் தேர்வுக்கு உதவும் இலக்கணப் பாடத்தையும் விரும்பினர். எதிர்ப்பும் தேவையும் ஒரே மாணவரிடம் இருக்கக்கூடும் என்பதை ஆசிரியர் பயிற்சி இதிலிருந்து கற்க வேண்டும்.

பயிற்சி முறைகள்

பயிற்சி மாணவர்கள் தாம் மொழி கற்ற வரலாற்றை எழுதுகின்றனர். எந்தப் பேச்சுவழக்குக்காகத் திருத்தப்பட்டோம், எப்போது வாய்மூடினோம் என்பவை அதில் வெளிப்படும். பாடநூல் உரையாடல்களில் கட்டளையிடுபவர் யார், பணிந்து பதில் சொல்பவர் யார் என்று ஆராய்ந்து, மாற்றுப் பாடம் தயாரிக்கின்றனர். பாடப்பொருளையும் மதிப்பீட்டு முறையையும் பயிற்றுநரோடு கலந்து முடிவுசெய்வதும் உண்டு. கேள்வி கேட்க இடமில்லாத பயிற்சியில் உருவான ஆசிரியர், தம் வகுப்பில் அந்த இடத்தைத் தருவது கடினம்.

விமர்சனங்கள்

ஆசிரியர் தம் அரசியலை மாணவர்மேல் திணிக்கலாம் என்பது முதன்மையான குற்றச்சாட்டு. ‘உரையாடல்’ என்ற பெயரிலேயே வகுப்பறையின் ஏற்றத்தாழ்வுகள் தொடரலாம் என்று 1989இல் கல்வியாளர் எலிசபெத் எல்ஸ்வொர்த் சுட்டினார். தேர்வை மையமாகக் கொண்ட பள்ளிகளில் இதற்கு நேரம் கிடைப்பதும் அரிது. எனவே மொழித்திறனை வளர்க்கும் கடமையை விட்டுவிடாமல், பயிற்றுநர் தம் அதிகாரத்தையும் விவாதத்துக்கு உட்படுத்தும்போதுதான் இம்முறை நேர்மையானதாகிறது.