கஞ்சாவுக்கு ஓர் அரசாங்க இலச்சினை

2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் தான் புதிதாகத் தொடங்கவிருந்த வியாபார ஸ்தாபனம் ஒன்றின் பெயரையும் இலச்சினையையும் உலகுக்கு அறிவித்தது. ‘ஒன்ராறியோ கனபிஸ் ஸ்ரோர்’ என்பது பெயர். அப்பெயரின் மூன்று முதலெழுத்துக்கள், கறுப்பும் வெள்ளையுமாய் எழுதப்பட்டவை, இலச்சினை. இலை இல்லை, பூ இல்லை, புகை இல்லை. மாகாணத்தின் மதுபான விற்பனையில் பெரும்பங்கைத் தன் கையில் வைத்திருக்கும் மதுபானக் கட்டுப்பாட்டுச் சபை, இப்பெயரையும் இலச்சினையையும் உள்ளிட்ட அடையாளப் பணிகளை லியோ பேர்னெட் என்னும் விளம்பர நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. அதற்கான ஒப்பந்தத்தின் பெறுமதி 650,000 டொலர்.

மூன்றெழுத்துக்கு இத்தனை பணமா என்று மக்கள் நகைத்தனர். நகைப்புக்கு இடமிருந்தது என்பது மெய்யே. ஆயினும் அந்த நகைப்போடு விடயத்தை விட்டுவிடுவது சரியன்று. அரசாங்கம் நடத்தும் கடைக்கு ஒரு பெயர் வேண்டும். சட்டபூர்வமான கடை எது, கள்ளக்கடை எது என்று வாங்குபவன் பிரித்தறிய ஓர் அடையாளமும் வேண்டும். பாதுகாப்பு, எளிமை, சட்டத்துக்கு இணக்கம் ஆகிய மூன்றும் அவ்விலச்சினையிலே தெரியவேண்டும் என்பதே அதிகாரிகளின் எண்ணம். அந்த எண்ணத்தில் குற்றங்காண நான் முற்படவில்லை. நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. நூறாண்டு காலமாக இதே செடிக்கு இதே அரசு வேறொரு முகத்தை எழுதி வைத்திருந்தது. பழைய முகத்தை அழித்துப் புதிய முகத்தை வரையுமிடத்து, பழைய முகத்தினாலே துன்புற்றவர்களின் கணக்கு எந்த ஏட்டில் ஏறியது?

அதற்கு முன்னர், ஓவியம் தீட்ட அழைக்கப்பட்ட நிறுவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிகாகோவிலே தோன்றிய லியோ பேர்னெட்டின் கைவண்ணத்தில் உலகப் புகழ்பெற்றது ‘மார்ல்பரோ மனிதன்’. மார்ல்பரோ முன்னர் பெண்களுக்கான மென்மையான சிகரெட்டாக விற்கப்பட்டு வந்தது. 1950களின் நடுப்பகுதியில் இந்நிறுவனம் அதனைக் குதிரையேறும் மாடுமேய்ப்பனின் கையிலே கொடுத்தது. சிகரெட்டின் ‘பால்’ மாறியது; விற்பனை பெருகியது. நுரையீரலுக்கு மட்டும் எந்த மாற்றமும் தெரியவில்லை. அவ்விளம்பரங்களில் தோன்றிய ஆண்களுள்ளே சிலர் பிற்காலத்தில் புகைத்தலால் வந்த நோய்களுக்கே இரையாயினர். ஒரு பண்டத்தின் மீது புதிய பொருளை ஏற்றி, பழைய பொருளை மறக்கச் செய்வது எப்படி என்பதை இவர்களைவிட நன்கு அறிந்தவர் அரிது என்பதை மறுக்க முடியாது.

இனி, பழைய முகம் எழுதப்பட்ட கதைக்கு வருவோம்.

1907 செப்ரெம்பர் 7ஆம் திகதி. வன்கூவர் நகரிலே ஆசிய மக்களை நாட்டைவிட்டு விலக்கக் கோரிய சங்கத்தினர் கூட்டம் கூடி ஊர்வலம் போயினர். ஊர்வலம் கலகமாயிற்று. சீனரின் கடைகளும் யப்பானியரின் வீடுகளும் தாக்கி நொருக்கப்பட்டன. நட்டத்தை விசாரித்து ஈடு வழங்குமாறு, அக்காலத்தில் தொழில் பிரதியமைச்சு அதிகாரியாக இருந்த மக்கென்சி கிங் அனுப்பப்பட்டார். ஈடு கோரிய சீன வணிகருள் அபின் உற்பத்தியாளரும் இருந்தனர். அது அன்றைக்குச் சட்டப்படியான தொழில். கிங் திகைத்தார். சீனரோடு நில்லாது வெள்ளையரும், அவர்களுள் பெண்களும், அபினுக்குப் பழகி வருகின்றனர் என்பதே அவருடைய பெருங்கவலை. அபினை ஒழிக்கவேண்டிய அவசியம் பற்றி அவர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1908இலே அபின் சட்டம் பிறந்தது. கனடாவின் போதைப்பொருட் தடைச்சட்டங்களுக்கெல்லாம் மூத்தது அதுவே. கல்லெறிந்தவனை விசாரிக்கப் போன அரசு, கல்லடி பட்டவனின் தொழிலைக் குற்றமாக்கிவிட்டுத் திரும்பியது.

தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்தோர் பலரும் அன்று அந்தக் கலகக்காரரோடு நின்றனர் என்பதை நாம் மூடிமறைக்கலாகாது. குறைந்த கூலிக்கு வருபவனைத் தருவித்தவன் முதலாளி, வெறுக்கப்பட்டவனோ வந்தவன். முதலாளிக்கு இதைவிட மலிவான காவல் கிடைப்பதரிது.

அபினுக்கு விழுந்த வேலிக்குள்ளே கஞ்சா வந்து சேர்ந்தது 1923இல். அப்போது கிங் பிரதமர். போதைப்பொருட் சட்டத்தின் அட்டவணையிலே ‘இந்தியச் சணல்’ என்ற ஒரு புதிய பெயர் சேர்க்கப்பட்டது. பாராளுமன்றத்திலே விவாதம் எதுவும் நடக்கவில்லை. அட்டவணையில் ஒரு புதிய மருந்து இருக்கின்றது என்பதற்கு மேல் உறுப்பினர்களுக்கு விளக்கம் தரப்படவுமில்லை. அன்றைய கனேடியருட் பெரும்பாலோர் அச்செடியின் பெயரைக்கூடக் கேள்வியுற்றிருக்கமாட்டார்கள். அதே 1923 யூலை முதலாந் திகதிதான், சீனர் நாட்டுக்குள் வருவதை ஏறத்தாழ முற்றாக அடைத்த குடிவரவுச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது என்பதை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அதற்கு முந்திய ஆண்டில் ‘கறுப்பு மெழுகுவர்த்தி’ என்ற பொருள்படும் நூலொன்று வெளிவந்திருந்தது. எழுதியவர் எட்மன்ரன் நகர நீதவான் எமிலி மர்பி. பிரித்தானிய சாம்ராச்சியத்திலேயே நீதவானாக நியமனம் பெற்ற முதற் பெண்மணி அவர். சட்டத்தின் கண்ணில் பெண்ணும் ஓர் ‘ஆள்’ என்பதை 1929இல் பிரிவுக் கவுன்சில்வரை சென்று நிலைநாட்டிய ஐவரில் ஒருவர். அத்தகையவர், சீனரும் கறுப்பரும் வெள்ளை இனத்தைப் போதையால் வீழ்த்தச் சதி செய்கின்றனர் என்ற அச்சத்தைத் தம் நூலெங்கும் தூவினார். ‘மரிஹுவானா’ என்ற மெக்சிக்கப் பெயரைத் தலைப்பிலிட்டு, அதைப் புதியதோர் ஆபத்து என்று ஓர் அத்தியாயமும் வரைந்தார். 1923இன் சட்டத்துக்கு இந்நூலே காரணம் என்று எழுதுவோர் பலர். நேரடிச் சான்று இல்லாத கூற்று அது. அதனை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்நூல் ஒரு வேலையைச் செய்தது: அச்செடிக்கு அந்நியனின் முகத்தை வரைந்தது. ஊதியம் பெறாத விளம்பரதாரர் என்று அவரைக் கூறலாம்.

செடியின் பெயரில் ‘இந்திய’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டிருந்ததும் கவனிக்கத்தக்கது. நம்மவர் சித்த, ஆயுள்வேத வைத்தியத்திலே நெடுங்காலம் அறிந்திருந்த செடி இது. இந்தியாவை ஆண்ட பிரித்தானியர் இதே செடிக்கு வரிவிதித்து வருமானம் பெற்றனர். 1893-94இல் அவர்கள் நியமித்த ஆணைக்குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, அளவான பாவனையால் குறிப்பிடத்தக்க தீங்கில்லை என்றும், முற்றான தடை வேண்டாவென்றும் முடிவு கூறியது. ஏழு தொகுதிகளில் வந்த அறிக்கை அது. முப்பது ஆண்டுக்குள் அதே சாம்ராச்சியத்தின் மற்றொரு மூலையிலே ஒற்றை வரியில் தடை வந்தது. வரி கிடைக்கும் இடத்தில் ஆய்வு. வரி கிடையாத இடத்தில் அச்சம்.

அடுத்த நாற்பது ஆண்டுகள் கஞ்சா வழக்குகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாயே இருந்தன. 1962இல் நாடு முழுவதிலும் சுமார் இருபது. பின்னர் 1972இல் பன்னிரண்டாயிரமளவு. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது யாது? பல்கலைக்கழக மாணவரிடையே அது பரவியது. வழக்கறிஞரின் மகனும் வைத்தியரின் மகளும் கூண்டில் ஏறினர். உடனே 1969இல் ஓர் ஆணைக்குழு! சட்டக்கல்லூரித் தலைவர் ஜெரால்ட் லெ டேன் தலைமை தாங்கினார். 1972இல் வந்த அறிக்கையின் பெரும்பான்மை, சொந்தப் பாவனைக்காக வைத்திருத்தலைக் குற்றமாகக் கொள்ளலாகாது என்றது. உறுப்பினர் மாரி-ஆன்ட்ரே பேர்ட்ரான் இன்னும் ஒருபடி மேலே போய், அரசின் கட்டுப்பாட்டில் விநியோகம் செய்க என்றார். பியர் ட்ரூடோவின் அரசாங்கம் அறிக்கையை வாங்கிப் பத்திரமாய் வைத்துக்கொண்டது.

அவருடைய மகன் ஜஸ்ரின் ட்ரூடோ பிரதமரானபின், 2017 ஏப்ரலிலே பொதுக் கூட்டமொன்றில் தம் குடும்பக் கதையொன்றைத் தாமே சொன்னார். அவருடைய தம்பி மிஷெல் சிறிதளவு கஞ்சாவுடன் பிடிபட்டார். தந்தையார் சட்டத்துறை நண்பர்களை நாடினார், திறமையான வழக்கறிஞரை அமர்த்தினார், குற்றச்சாட்டு மறைந்துபோயிற்று. இத்தகைய வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பதையும் பிரதமரே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையைப் பாராட்டலாம். ஆனால் சட்டம் எவருக்கு எப்படி வளைகின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலத்தை நாம் எங்கே தேடுவது?

எல்லாருக்கும் கிடைக்கவில்லை என்பதை நம் உறவினர் பல்லாயிரவர் வாழும் ரொறன்ரோ நகரமே காட்டும். அங்கு 2003 முதல் 2013 வரையிலான பொலிஸ் பதிவுகளை ‘ரொறன்ரோ ஸ்டார்’ பத்திரிகை ஆராய்ந்தது. சிறிதளவு கஞ்சா வைத்திருந்தமைக்காகக் கைதானோருள், முன் குற்றம் எதுவுமில்லாத கறுப்பின மக்கள், அதே நிலையிலுள்ள வெள்ளையரைக் காட்டிலும் மூன்று மடங்கு கூடுதலாகப் பிடிக்கப்பட்டிருந்தனர். அக்காலத்தின் தொடக்கத்தில் ரொறன்ரோ பொலிஸின் தலைவராயிருந்த ஜூலியன் பன்ரினோ, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவதைக் கொலையைச் சட்டபூர்வமாக்குவதோடு ஒப்பிட்டுப் பேசியவர். பின்னர் அமைச்சராகவும் விளங்கினார். 2017இல் மருத்துவக் கஞ்சாவைச் சார்ந்த கம்பனி ஒன்றின் தலைமை ஆசனத்தில் அவரே அமர்ந்தார். இதற்கு மேல் நான் எதுவும் எழுதவேண்டியதில்லை.

2018 ஒக்ரோபர் 17ஆம் திகதி கனபிஸ் சட்டம் அமுலுக்கு வந்தது. முப்பது கிராம் வரை ஒருவர் வெளியிடத்தில் வைத்திருக்கலாம். தனியார் கம்பனிகளின் பொதிகளுக்குச் சட்டம் கடும் விதிகளை இட்டது: ஒரே நிறம், மஞ்சட் கட்டத்துள் சுகாதார எச்சரிக்கை, சிவப்பு எண்கோண அடையாளம். இளைஞரைக் கவரும் விளம்பரமும் இன்பவாழ்வைக் காட்டும் படமும் ஆகா. நல்ல விதிகள், புகையிலையிடம் கற்ற பாடம். இந்த விதிகளுக்குள் நின்றுதான் ஒன்ராறியோவின் இலச்சினையும் அவ்வளவு வெறுமையாக அமைந்தது. அழகின்மையே அதன் அழகு எனலாம். அரசாங்கமே நாற்பது கடைகளைத் திறக்கும், பின்னர் நூற்றைம்பதாகப் பெருக்கும் என்பது பழைய திட்டம். ஆனால் யூனில் ஆட்சி மாறியது. புதிய முதல்வர் டக் போர்ட், கடைகள் தனியாருக்கே என்றார். அவற்றுக்கு அனுமதி வழங்கும் பொறுப்பு மாகாணத்தின் மது, சூதாட்ட ஆணைக்குழுவிடம் சென்றது. முதல் இருபத்தைந்து அனுமதிகள் 2019இல் சீட்டுக்குலுக்கிக் கொடுக்கப்பட்டன. அரசின் ‘ஸ்ரோர்’ இணையவழி விற்பனையும் மொத்த விநியோகமுமாக ஒடுங்கியது. முதல் நாளிலேயே அதற்கு நூறாயிரமளவு கட்டளைகள் குவிந்தன. வீதிக்கென வரையப்பட்ட இலச்சினை வீதிக்கு வரவேயில்லை. கணினித் திரையிலும் கடிதப் பொதியிலும் குடியேறியது.

ஆனால் மூலதனம் வீதியைத் தேடித் தவிக்கவில்லை. அதே 2018 ஓகஸ்டில், கொரோனா பியரை அமெரிக்காவில் விற்கும் கொன்ஸ்ரலேஷன் பிரான்ட்ஸ், கனடாவின் பெரிய கஞ்சாக் கம்பனியான கனப்பி குரோத்தில் ஐந்து பில்லியன் கனேடிய டொலரை இட முன்வந்தது. டிசம்பரில் அல்ட்ரியா என்னும் அமெரிக்கக் கம்பனி, குரோனோஸ் என்ற மற்றொரு கம்பனியின் 45 வீதப் பங்கை 2.4 பில்லியன் டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அல்ட்ரியா யார்? அமெரிக்காவில் மார்ல்பரோவை விற்பவர்கள்! மாடுமேய்ப்பனைப் படைத்த கரங்கள் ஆண்டின் தொடக்கத்தில் அரசின் இலச்சினையை வரைந்தன. மாடுமேய்ப்பனின் எசமானர் ஆண்டின் முடிவில் வயலையே வாங்கினர். இருவரும் கூடிச் சதி செய்தனர் என்று நான் சொல்லவரவில்லை. சதி வேண்டியதில்லை, சந்தையே போதும்.

இனி, அந்த விடுபட்ட கணக்கு. கஞ்சா வைத்திருந்த குற்றத்துக்காகப் பதிவு பெற்றோர் 250,000 பேரளவில் இருக்கலாம் என்பது கனேடிய அரசாங்கமே கூறிய மதிப்பீடு. அப்பதிவு உள்ளவனுக்கு வேலை கிடைப்பது கடினம். வீடு வாடகைக்குக் கிடைப்பது கடினம். அமெரிக்க எல்லையில் அவன் திருப்பியனுப்பப்படலாம். 2018இல், ஓரினச் சேர்க்கைக்காகத் தண்டிக்கப்பட்டோரின் பதிவுகளை முற்றாக அழிக்கும் சட்டத்தைக் கனடா இயற்றியிருந்தது. கஞ்சாப் பதிவுகளையும் அவ்வாறே அழிக்கவேண்டும் என்று புதிய ஜனநாயகக் கட்சி கொண்டுவந்த மசோதா 2019இல் தோற்கடிக்கப்பட்டது. அழிப்பதற்குப் பதிலாக ‘இடைநிறுத்தம்’ வழங்கப்பட்டது: பதிவு இருக்கும், ஒதுக்கி வைக்கப்படும். 2019 ஓகஸ்ட் முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. இதற்கான வழமைக் கட்டணம் அப்போது 631 டொலராக இருந்தது. கஞ்சாக் குற்றத்துக்கு அது தள்ளுபடி செய்யப்பட்டது.

காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 650,000 டொலரை 631ஆல் வகுத்தால் 1,030 பேருடைய கட்டணம் வருகின்றது. முன்னது மாகாணத்தின் பணம், பின்னது மத்திய அரசின் கட்டணம்; இரண்டும் வெவ்வேறு பெட்டிகள் என்று எவரேனும் சொல்லலாம். சொல்லட்டும். கட்டணம் நீங்கியபின்னும் விண்ணப்பதாரி தானே நீதிமன்றத்துக்குப் போய்ப் பழைய ஏடுகளைத் தேடவேண்டும், பொலிஸ் சான்று பெறவேண்டும், கைரேகை கொடுக்கவேண்டும். இவற்றுக்கான செலவு அவனுடையதே. பல ஊர்களில் வாழ்ந்தவன் பல ஊர்ப் பொலிஸ் நிலையங்களுக்கும் ஏறியிறங்கவேண்டும். அரசாங்கம் பத்தாயிரம் பேர் வரக்கூடும் என்று எதிர்பார்த்தது. 2021ஆம் ஆண்டின் இறுதிப்பகுதி வரையில் இந்த இடைநிறுத்தத்தைப் பெற்றோர் ஐந்நூறு பேருக்கும் குறைவு.