முள்ளு சொல்றதெல்லாம் வேகமில்லை

ரொம்ப நாளா பாதி எழுதி அப்படியே கிடந்த பதிவு மக்களே இது. போன மாசம் ஊருக்குப் போனப்போதான் மீதிப் பாதி கிடைச்சுது.

வீட்டுல அப்பாவோட பழைய 350 சிசி வண்டி ஒண்ணு நிக்குது. கம்பெனி பேரு வேணாம். நாப்பது வருஷம் உழைச்ச வண்டியை இப்பப் போய் சபையில வெச்சு குத்தம் சொல்லக்கூடாது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஆயில், ப்ளக் எல்லாம் மாத்தி, உதைச்சு உதைச்சு கிளப்பி, திருச்சி ரோட்டுல ஒரு நாள் காலங்கார்த்தால எடுத்துட்டுப் போனேன். சும்மா இருக்காம போன்ல ஜிபிஎஸ் வேகத்தையும் ஓடவிட்டு டேங்க் மேல மாட்டிக்கிட்டேன். நேர் ரோட்டுல முள்ளு 60ல நின்னப்போ போன் 52ன்னுச்சு. முள்ளு 80 காட்டினப்போ போன் 70. அதுக்கு மேல முறுக்க தைரியம் வரல. ஆனா கணக்கு புரிஞ்சு போச்சு. இதே விகிதத்துல போனா முள்ளு 100 சொல்றப்போ வண்டி 87லதான் போகும்.

இதுல என்ன பெரிசா இருக்குன்னு கேப்பீங்க. இருக்கு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

1984ல அப்பாவுக்கு புதுக்கோட்டையில வேலை. தாத்தா திருச்சியில ஆஸ்பத்திரியில இருந்தாரு. ராத்திரி ஃபோன் வந்ததும் அப்பா இந்த வண்டியைத்தான் எடுத்துட்டுக் கிளம்பினாரு. போய்ச் சேரறப்போ தாத்தா போயி அரை மணி நேரம் ஆயிருந்துச்சு. "நூறுல போனேன்டா, அப்பவும் முடியல"ன்னு அப்பா சொல்றதை சின்ன வயசுல இருந்து கேட்டிருக்கேன். ரோடு காலியா இருந்த இடத்துல எல்லாம் முள்ளு நூறுல நின்னுச்சாம். எங்க வீட்டுல அந்த நூறு, நம்பர் இல்ல. அவர் தன்னால முடிஞ்சதைச் செஞ்சாருங்கறதுக்கு சாட்சி. அந்த நூறு 87ஆ இருந்திருந்தா?

அதைப் போய் அவர்கிட்ட சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே, முள்ளு ஏன் கூட்டிச் சொல்லுதுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அங்க ஒரு பெரிய கதையே இருக்கு.

மோட்டார் வண்டி வந்த புதுசுல ஸ்பீடோமீட்டர் யாருக்கும் பெரிசா தேவைப்படல. தேவையைக் கொண்டு வந்ததுல போலீஸ்காரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கிலாந்துல 1903ல மோட்டார் கார் சட்டம் போட்டு, 1904 ஜனவரியில இருந்து மணிக்கு 20 மைலுக்கு மேல போகக்கூடாதுன்னுட்டாங்க. போலீஸ்காரங்க ரோட்டோரப் புதர்ல ஒளிஞ்சுக்கிட்டு, அளந்து வெச்ச தூரத்தை வண்டி எத்தனை செகண்டுல கடக்குதுன்னு ஸ்டாப்வாட்ச்ல பார்ப்பாங்க. அப்புறம் கோர்ட்டு, அபராதம். ஓட்டினவர் "நான் அவ்வளவு வேகமா வரலீங்க"ன்னா, எதை வெச்சு சொல்றேம்பாங்க. அவர்கிட்ட காட்ட ஒண்ணும் இருக்காது.

1905ல ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆரம்பிச்சதே இந்தப் புதர் போலீசைப் பத்தி முன்கூட்டியே எச்சரிக்கத்தான். சைக்கிள்ல ஆள் அனுப்புவாங்க. அப்படி நேரா எச்சரிக்கறது குத்தம்னு கோர்ட்டு சொன்னதும் மாத்தி யோசிச்சாங்க. உறுப்பினர் வண்டியைப் பார்த்தா சைக்கிள்காரர் சல்யூட் அடிக்கணும். அடிக்கலேன்னா முன்னால ஆபத்துன்னு அர்த்தம். நம்மூர்ல எதிர்ல வர்ற லாரிக்காரர் ஹெட்லைட்டை சிமிட்டுவாரே, அதுக்கு இது தாத்தா :-)

ஆக, ஸ்பீடோமீட்டர் வண்டிக்காரன் கையில கிடைச்ச பதில் சாட்சி. எதிராளி கையில வாட்ச் இருக்கு, நம்ம கையிலயும் ஒண்ணு வேணும், அவ்வளவுதான்.

அந்தக் கருவிக்கு வழி பண்ணினவர் ஓட்டோ ஷூல்ட்ஸே. ஸ்ட்ராஸ்பர்க்காரர். அந்த ஊர் அப்போ ஜெர்மனியில, இப்போ பிரான்ஸ்ல. 1902 அக்டோபர்ல காப்புரிமை வாங்கினாரு. விஷயம் ரொம்ப சிம்பிள். சக்கரத்துல இருந்து வர்ற கேபிள் ஒரு சின்ன காந்தத்தைச் சுத்தும். காந்தத்தைத் தொடாம அதைச் சுத்தி ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் சுத்தினா கிண்ணத்துல சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். திரும்பவிடாம மெல்லிசா ஒரு ஹேர் ஸ்ப்ரிங் பிடிச்சு இழுக்கும். இந்த ரெண்டு இழுப்பும் சமமாகிற இடத்துல முள்ளு நிக்கும். நூறு வருஷத்துக்கு மேல உலகத்துல பாதி வண்டி இந்த வித்தையிலதான் ஓடிச்சு. எங்க வீட்டு வண்டியும்தான்.

எல்லாம் நிறுத்திப் பிடிச்ச சமாதானம்ங்கறதால கோளாறும் அதுலயே இருக்கு. வயசான காந்தம் பலம் குறைஞ்சா முள்ளு கம்மியா காட்டும். ஸ்ப்ரிங் தளர்ந்தா கூடக் காட்டும். கேபிள் மடங்கியிருந்தா முள்ளு ஆடும். கேபிளுக்கு கிரீஸை அப்பினா அது மேல ஏறி மீட்டருக்குள்ள போயி கிண்ணத்தையும் காந்தத்தையும் ஒட்ட வெச்சுடும், அப்புறம் முள்ளு இஷ்டத்துக்குப் போகும். டயர் தேய்ஞ்சா சக்கரம் சின்னதாகி அதே தூரத்துக்கு அதிக சுத்து சுத்தும். சுமாரா 640 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயர்ல 6 மில்லிமீட்டர் ரப்பர் தேய்ஞ்சா விட்டத்துல 12 போச்சு. கிட்டத்தட்ட 2 சதவீதம் முள்ளு கூடக் காட்டும். பைக்குக்குன்னே இன்னொண்ணு: வளைவுல சாய்க்கறப்போ டயரோட ஓரம்தான் ரோட்டுல உருளும், அங்க சுற்றளவு கம்மி. அப்பவும் கொஞ்சம் கூட்டிச் சொல்லும்.

இதையெல்லாம் விட ஒசத்தியான சரக்கு ஒண்ணு இருந்துச்சு. லண்டன்ல 1851ல கடிகாரக் கடையா ஆரம்பிச்ச ஸ்மித்ஸ் கம்பெனி, பின்னாடி பிரிட்டிஷ் பைக்குகளுக்கு குரோனோமெட்ரிக்னு ஒரு மீட்டர் கொடுத்தாங்க. காந்தம் கிடையாது. உள்ள நிஜக் கடிகார மெஷினே இருக்கும். ஒரு செகண்டுக்கும் குறைவான நேரத்துல கேபிள் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணி, முள்ளை அந்த இடத்துக்குத் தள்ளும். மறுபடி எண்ணும், மறுபடி தள்ளும். அதனால முள்ளு வழுக்கிட்டு ஏறாது, டக் டக்னு தாவும். நல்ல துல்லியம். செலவும் அதுக்கேத்த மாதிரி. 1960கள்ல காந்த மீட்டர் வந்து இதை ஓரங்கட்டிடுச்சு. இன்னைக்கும் பழைய வண்டிக்காரங்க இதைத் தேடி அலையறாங்க.

அந்தக் காலத்து ஜாம்பவான்னா 1948ல வந்த வின்சென்ட் பிளாக் ஷேடோ. அதுல 5 அங்குல அகலத்துக்கு, தட்டு மாதிரி ஒரு ஸ்மித்ஸ் மீட்டர். 150 மைல் வரைக்கும் எழுதியிருக்கும். வண்டியோட வேகமென்னவோ சுமார் 125 மைல்தான். மீதி 25 மைல் ஆசைக்கு! அதே வருஷம் செப்டம்பர் 13ம் தேதி அமெரிக்காவுல போன்வில் உப்புப் பாலைவனத்துல ரோலி ஃப்ரீங்கறவர், வேகத்துக்காகவே ட்யூன் பண்ணின வின்சென்ட் மேல குப்புறப் படுத்துக்கிட்டு, நீச்சல் டிரவுசரோட, மணிக்கு 150.313 மைல் போனாரு. அந்த ஃபோட்டோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. கவனிங்க, அந்த .313ஐ எந்த முள்ளும் சொல்லல. அளந்த தூரம், அளந்த நேரம். சாதனைன்னு வந்துட்டா புதர் போலீஸ் முறைதான் செல்லும்.

ஆனா சாதாரண ஆளுக்கு முள்ளுதான் சாட்சி. 1950, 60கள்ல லண்டன் ஏஸ் கஃபே பக்கம் சுத்தின பசங்களுக்கு 'டன்' அடிக்கணும், அதாவது 100 மைல் தொடணும்ங்கறது வாழ்க்கை லட்சியம். பிரிட்டன்ல 1937ல இருந்து புது வண்டிக்கு ஸ்பீடோமீட்டர் கட்டாயம். அந்த ஊர் விதி 10 சதவீதம் கூடவோ குறையவோ காட்டலாம்னு விட்டுருந்துச்சு. 10 சதவீதம் கூட்டிச் சொல்ற மீட்டர்ல 100 பார்த்தவன் நிஜத்துல போனது 91. எத்தனை டன் உண்மையான டன்னோ, அந்த ரோட்டுக்குத்தான் வெளிச்சம்.

கூடவும் காட்டலாம் குறைச்சும் காட்டலாம்ங்கறது பின்னாடி மாறிச்சு. 1978ல வந்த ஐ.நா. 39வது ஒழுங்குமுறை, 2000ல ஐரோப்பா இருசக்கர வண்டிகளுக்குத் தனியா போட்ட உத்தரவு, ரெண்டும் சொல்றது ஒண்ணுதான்: நிஜ வேகத்தை விட ஒரு துளிகூட குறைச்சுக் காட்டக்கூடாது. கூடக் காட்டலாம், நிஜ வேகத்துல பத்துல ஒரு பங்கு, அதோட 4 கிலோமீட்டர் வரைக்கும். 40ல போனா 48 வரை காட்டலாம். 60க்கு 70. 100க்கு 114.

இங்கதான் என் கேள்விக்கு விடை. தயாரிக்கிறவன் இடத்துல இருந்து பாருங்க. ஆயிரம் மீட்டர் செஞ்சா எல்லாம் ஒரே மாதிரி வராது. டயரும் தேயும். ஒண்ணுகூட குறைச்சுக் காட்டக்கூடாதுன்னா, எல்லாத்தையும் கொஞ்சம் கூட்டி வெச்சுட வேண்டியதுதான். கல்யாணத்துக்கு வர்றவங்களை முகூர்த்தம் ஒன்பது மணின்னு சொல்லி பத்தரைக்கு வர வெக்கிற மாதிரி. நல்லதுக்காகச் சொல்ற பொய்.

முள்ளை வெச்சே மனுஷனைத் திருத்திடலாம்னும் ஒரு தடவை முயற்சி பண்ணினாங்க. அமெரிக்காவுல பெட்ரோல் தட்டுப்பாடு வந்து 1974ல நாடு முழுக்க 55 மைல்தான் உச்சம்னு ஆச்சு. 1979 செப்டம்பர்ல இருந்து, மீட்டர்ல 85 மைலுக்கு மேல எழுதவே கூடாது, 55ஐ மட்டும் எடுப்பா காட்டணும்னு விதி. பைக்குக்கும் சேர்த்துத்தான். 120 மைல் போற வண்டியில 85க்கு மேல நம்பரே கிடையாது! அப்புறம் என்ன, டாக்கோமீட்டரைப் பார்த்து, இந்த கியர்ல இத்தனை ஆயிரம் ஆர்.பி.எம்.னா இத்தனை மைல்னு கணக்குப் போட்டா வேகம் தெரிஞ்சுட்டுப் போகுது. 1982ல விதியைத் தூக்கிட்டாங்க.

சரி, ஓட்டறவங்க இதை எப்படித்தான் சமாளிக்கறாங்க?

பழைய வழி கல்லும் வாட்சும். 3600ஐ ஒரு கிலோமீட்டர் கடக்கற செகண்டால வகுத்தா வேகம். 60 செகண்டுன்னா 60. 45ன்னா 80. 36ன்னா 100. நம்ம நெடுஞ்சாலையில கிலோமீட்டர் கல்லுக்கு நடுவுல 2, 4, 6, 8ன்னு எழுதின குட்டிக் கல்லு 200 மீட்டருக்கு ஒண்ணு இருக்குமே, அதுவும் உதவும். ஆனா பத்து கிலோமீட்டருக்கு சேர்த்துப் பார்க்கறதுதான் நல்லது, கல்லு நடறவரும் மனுஷர்தானே. பின்னாடி உக்காந்திருக்கறவரை வாட்ச் பார்க்கச் சொல்லுங்க, நீங்க ரோட்டைப் பாருங்க.

இன்னொரு சூட்சுமம். கேபிள் மீட்டர்ல தூரம் காட்டற ஓடோமீட்டர் வெறும் பல்சக்கரம். காந்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பத்து கல்லுக்கு ஓடோ சரியா பத்து காட்டி, முள்ளு மட்டும் பொய் சொன்னா கோளாறு மீட்டர் தலையில. ஓடோவும் தப்புன்னா டயர் அளவு, இல்ல கியர் விகிதம். செயின் ஸ்ப்ராக்கெட் பக்கம் சென்சார் வெச்ச பைக்குல ஸ்ப்ராக்கெட்டை மாத்தினா இதே கதைதான். அதைத் திருத்தவே நடுவுல மாட்டற சின்ன எலக்ட்ரானிக் பெட்டி விக்கிது.

ஜிபிஎஸ்ஸுக்கு வேண்டுமென்றே சேர்த்து வெச்ச பிழையை அமெரிக்கா 2000 மே மாசம் எடுத்ததுல இருந்து இந்த வேலை சுலபமாச்சு. இப்போ எல்லார் பாக்கெட்லயும் ஒரு சாட்சி. நேர் ரோடு, சீரான வேகம், தலைக்கு மேல திறந்த வானம் இருக்கணும். வேகம் கூட்டிக் குறைக்கறப்போ அது கொஞ்சம் பின்தங்கித்தான் சொல்லும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. "முள்ளு எப்பவும் பத்து கூட்டித்தான் சொல்லும், நாம பத்து கூடப் போலாம்"னு மனசுல கழிச்சுக்கற பழக்கம் நம்மகிட்ட உண்டு. பெரிய டயர் மாட்டின வண்டி, காந்தம் தளர்ந்த பழைய வண்டி, இதெல்லாம் குறைச்சுச் சொல்லும். அங்க அந்தக் கழிவு ஆளையே கழிச்சுடும்.

கடைசியில அப்பாகிட்ட சொல்லிட்டேன். சாயங்காலம் காபி குடிக்கறப்போ, "அப்பா, நம்ம வண்டி முள்ளு நூறு காட்டினா நிஜத்துல 87தான் வருது"ன்னேன். மனுஷன் அசரல.

"தெரியுமே. அப்பவே அப்படித்தான். தொண்ணூறு காட்டினா கல்லுக்கு கல்லு 46 செகண்டு ஆவும்."

3600 வகுத்தல் 46. எழுபத்தெட்டு. மனுஷர் அந்தக் காலத்துலயே எச்எம்டி வாட்சை வெச்சு எல்லாத்தையும் அளந்திருக்காரு!

"அப்புறம் ஏன்பா இத்தனை வருஷமா நூறு நூறுன்னு சொன்னீங்க?"

"அன்னிக்கு ராத்திரி நான் கல்லைப் பார்க்கலடா. முள்ளைத்தான் பார்த்தேன்."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் நான் கணக்கைச் சொன்னேன். 55 கிலோமீட்டர். 87ல போனா 38 நிமிஷம். நிஜ நூறுல போனா 33. வழி முழுக்க அப்படியே போயிருந்தாலும் வித்தியாசம் அஞ்சு நிமிஷம். தாத்தா போனது அரை மணி முன்னாடி. முள்ளு உண்மையே சொல்லியிருந்தாலும் பார்த்திருக்க முடியாதுப்பா.

"அதுவும் தெரியும்"னு டம்ளரைக் கீழ வெச்சாரு. ஆனா அதை இன்னொருத்தர் வாயால கேட்டது அவருக்கு நல்லாத்தான் இருந்துச்சுன்னு நினைக்கிறேன். ராத்திரி வந்து, "நாளைக்கு அந்த போனை மாட்டிட்டு ஒரு ரவுண்டு போலாமாடா, நான் பின்னாடி உக்காந்து செகண்டு எண்ணறேன்"ன்னாரு.

போனோம். எண்ணினாரு. போனும் அப்பாவும் ஒரு கிலோமீட்டர் வித்தியாசத்துல ஒத்துப் போனாங்க.

உங்க வண்டி எவ்வளவு புளுகுதுன்னு பார்த்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. பின்னாடி உக்கார ஆள் இருந்தா ரொம்ப நல்லது.