பள்ளம் மேடான கதை

பிரெஞ்சு தேசத்தின் நடுவே, ஓவெர்ன் என்னும் மலைப் பிரதேசத்தில், கிளெர்மோன் என்றொரு நகரம். அங்கே 1248-ல் கட்டத் தொடங்கிய மாதா கோயில் ஒன்று கன்னங்கறேலென்று நிற்கிறது. புகை படிந்த கறுப்பல்ல, கல்லே கறுப்பு. பக்கத்து ஊரான வோல்விக்கில் வெட்டி எடுத்த கல். அந்தக் கல்லிலே தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் வாசற்படி போட்டார்கள், சுவர் எழுப்பினார்கள். அது எப்படி உண்டாயிற்று என்று மட்டும் கேட்கவில்லை.

கேட்டவர் வெளியூர்க்காரர். கெத்தார் என்று பெயர். வைத்தியம் படித்துவிட்டு, செடி கொடிகளையும் கற்களையும் தேடி அலைந்தவர். 1751-ல் மல்ஷெர்ப் என்ற நண்பருடன் தெற்கு நோக்கிப் பிரயாணம் செய்தபோது, மூலான் என்ற ஊரில் கறுப்பு மைல்கல் ஒன்று அவர் கண்ணில் பட்டது. இத்தாலியிலுள்ள வெஸூவியஸ் எரிமலையின் கற்களை அவர் முன்பே பார்த்திருந்தார். அதே ஜாதிக் கல் இங்கே எப்படி வந்தது? விசாரித்துக்கொண்டே வோல்விக் வரைக்கும் போனார், அங்கிருந்து மலையேறினார். மறு வருஷம் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில், பிரான்ஸின் சில மலைகள் ஒரு காலத்தில் எரிமலைகளாக இருந்தவை என்று கட்டுரை படித்தார்.

கேட்டவர்கள் திகைத்ததில் வியப்பில்லை. அந்த மலைகள் யாருக்கும் தெரியாத காட்டில் ஒளிந்திருக்கவில்லையே! அவற்றில் பெரியதான புயி த தோம் சிகரத்தின்மேல் ரோமர்கள் மெர்க்குரி தெய்வத்துக்குக் கோயில் கட்டியிருந்தார்கள். 1648-ல் பாஸ்கலின் மைத்துனர் பெரியே அதே சிகரத்துக்குப் பாதரசக் குழாயைச் சுமந்து போய், உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது என்று நிரூபித்தார். காற்றை அளந்த மனிதர் தம் காலின் கீழிருந்த மலையைப் பற்றி யோசிக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிறந்தது முதல் பார்க்கிற மலையை யார் சந்தேகிப்பார்கள்?

அங்கே நடந்தது இதுதான். சுமார் 3.5 கோடி வருஷங்களுக்கு முன், கிழக்கே ஆல்ப்ஸ் மலை எழும்பத் தொடங்கிய காலத்தில், இந்தப் பக்கத்துப் பூமி இழுபட்டு மெலிந்து பிளந்தது. பிளவின் கிழக்குப் புறம் இறங்கிற்று. அதுவே இன்று லிமாஞ் சமவெளி. மேற்குப் புறம் பீடபூமியாக உயர்ந்து நின்றது. வெகு காலத்துக்குப் பிற்பாடு, மெலிந்த அந்தப் பூமியின் வழியே நெருப்புக் குழம்பு மேலே வந்தது. ஆகவேதான் எண்பது எரிமலைகள், ஏறக்குறைய 20 மைல் நீளத்துக்கு, பிளவிலிருந்து சற்றே தள்ளி அதற்கு இணையாக வரிசை பிடித்து நிற்கின்றன. 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, எரிமலைகளோடு அந்தப் பிளவையும் சேர்த்தே சேர்த்தார்கள். சரியான காரியம்.

மலைகளின் உருவம் ஒன்றுபோல் இல்லை. வெல்லப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். இளம்பாகு ஓடும், முற்றிய பாகு ஓடாது, ஊற்றிய இடத்திலேயே திரண்டுவிடும். புயி த தோம் முற்றிய பாகு. சுமார் 11,000 வருஷங்களுக்கு முன் பிதுங்கி, உச்சியில் பள்ளமே இல்லாமல் 4,800 அடி உயரத்துக்கு உருண்டு நிற்கிறது. (அப்போது ஐரோப்பாவில் மனிதர்கள் இருந்தார்கள்.) அதற்கு அருகிலுள்ள பரியூவோ களத்தில் குவித்த நெல்லைப் போலச் சாம்பலும் கங்குமாய்க் குவிந்து, உச்சியில் கிண்ணம் போலக் குழிந்திருக்கிறது. இன்னும் சிலவற்றில், உருகிய குழம்பு வெளியே ஓடும்போது மலையின் ஒரு பக்கத்தையே பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறது.

என்னை அதிகம் கவர்ந்தவர் கெத்தாருக்குப் பின்னால் வந்த தெமாரே. தொழிற்சாலைகளை மேற்பார்வை செய்யும் சர்க்கார் உத்தியோகஸ்தர். 1763-ல் கிளெர்மோனிலிருந்து மலைக்குப் போகும் பாதையில் கறுப்புக் கல் தூண்கள், சீவி நிறுத்தியவை போல நிற்பதைப் பார்த்தார். பஸால்ட் என்னும் கல். அது எரிமலைக் குழம்பு உறைந்ததுதான் என்று, குழம்பு ஓடிய தடத்தை அடியடியாகத் தொடர்ந்து நடந்தே கண்டுபிடித்தார். நடந்தபோது ஒரு விந்தையும் புலப்பட்டது. சில குழம்புத் தடங்கள் பள்ளத்தாக்கின் அடியில் கிடந்தன. வேறு சில குன்றுகளின் தலையில் உட்கார்ந்திருந்தன. குழம்பு மேட்டைத் தேடியா ஓடும்?

பதில் எளியது, ஆனால் பயங்கரமானது. குழம்பு பள்ளத்தில்தான் ஓடிற்று. ஓடி, ஆற்றை மூடி, கெட்டிப்பட்டது. இடமிழந்த ஆறு இரண்டு பக்கத்து மெதுவான மண்ணை அரித்தது. அரித்து அரித்து இரு கரையும் கீழே போய்விட, பழைய ஆற்றுப் படுகை மட்டும் கற்கவசத்தோடு மேலே தங்கிவிட்டது. அங்குள்ள ஸெர் மலை இப்படித் தலைகீழான பள்ளத்தாக்குதான். அதன் குழம்பு 30 லட்சம் வருஷத்துக்கும் மேற்பட்டது. உயரத்தில் இருப்பதுதான் கிழம், பள்ளத்தில் கிடப்பது இளசு என்று தெமாரே கணக்கிட்டார். 1774-ல் இவற்றுக்குப் படமும் வரைந்து வெளியிட்டார். கி.மு. 52-ல் சீஸரின் படை தோற்றுத் திரும்பிய ஜெர்கோவி குன்றுக்கும் அத்தகைய பஸால்ட் தொப்பி உண்டு.

பயங்கரம் என்றேனே, அது காலத்தைப் பற்றியது. மழையும் ஆறும் ஒரு பள்ளத்தை மலையாக்க எத்தனை காலம் வேண்டும்? உலகத்துக்கு ஆறாயிரம் வயது என்று பாதிரிமார் போட்டிருந்த கணக்கு அதற்குப் போதாது. இந்தச் சங்கடம் ஒருபுறமிருக்க, ஜெர்மனியில் பிரைபர்க் கல்லூரியின் புகழ்பெற்ற ஆசிரியர் வெர்னர், பஸால்ட் ஆதிகாலக் கடலில் படிந்த வண்டல் என்றே போதித்தார். அதைவிட வேடிக்கை, வழிகாட்டிய கெத்தாரே 1770-ல் பஸால்ட் நெருப்பில் பிறந்ததல்ல என்று எழுதினார்! எரிமலைகளைக் கண்டுபிடித்தவர் அவற்றின் கல்லை ஒப்புக்கொள்ளவில்லை.

தெமாரே சண்டைக்குப் போகவில்லை. வாதாட வந்தவர்களிடம் ‘போய்ப் பாருங்கள்’ என்று சொல்லிவிடுவாராம். வெர்னரின் மாணவர் தோபியூஸோன், சாக்சனியின் பஸால்ட் தண்ணீரில் பிறந்தது என்று 1803-ல் புத்தகம் வெளியிட்டார். பிறகு ஓவெர்னுக்குப் போனார். குழம்பு ஓடிய தடங்களைப் பார்த்தார். பாரிஸுக்குத் திரும்பி வந்து, தம் கொள்கையைத் தாமே மறுத்தார்.