பழமையான சுமையுந்துகளைச் சேகரித்தலும் மீட்டமைத்தலும்

பழமையான சுமையுந்துகளைச் சேகரித்தலும் மீட்டமைத்தலும் என்பது, பயன்பாட்டிலிருந்து விலகிய பழைய லாரிகளைத் தேடிப் பெற்று, அவை தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த காலத்து நிலைக்கு இயன்றவரை மீட்டு, ஓடும் நிலையில் பேணும் பொழுதுபோக்கு ஆகும். பழைய மகிழுந்துகளைப் பேணும் வழக்கத்தின் கிளையாக இது வளர்ந்தது. எனினும் சுமையுந்தின் அளவு, எடை, உழைத்துத் தேய்ந்த தன்மை, வணிக ஊர்தி என்னும் சட்டநிலை ஆகியவற்றால் இதற்கெனத் தனிச் சிக்கல்கள் உள்ளன. மகிழுந்துகள் குடும்பச் சொத்தாகக் கொட்டகையில் காக்கப்பட்டன. லாரிகளோ ஓடும்வரை ஓட்டப்பட்டு, பின்னர் இரும்பு விலைக்கு உடைக்கப்பட்டன. ஆகையால் எஞ்சியிருக்கும் பழைய லாரிகள் மிகச் சிலவே.

வரையறை

பழைய ஊர்திகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு (ஃபீவா, நிறுவப்பட்டது 1966) குறைந்தது 30 ஆண்டுகள் பழமையானதும், வரலாற்று முறைப்படி சரியான நிலையில் பேணப்படுவதும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தப்படாததுமான ஊர்தியையே வரலாற்று ஊர்தி எனக் கொள்கிறது. இவ்வரையறை சுமையுந்துக்கும் பொருந்தும். இந்தியச் சட்டத்தின் வரையறை இதனின்றும் வேறுபட்டது (கீழே 'இந்தியாவில் சட்டநிலை' காண்க).

உலக வரலாறு

செருமனியின் காட்லீப் டைம்லர் 1896 ஆம் ஆண்டில் உருவாக்கிய வண்டி முதலாவது உள்ளெரி பொறிச் சுமையுந்தாகக் கருதப்படுகிறது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் லேலண்டு ஊரில் நீராவிச் சரக்கு வண்டி செய்யும் நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. இதுவே பிற்காலத்தில் லேலண்ட் மோட்டார்ஸ் ஆயிற்று.

வணிக ஊர்திகளைப் பேணுவதற்கெனத் தனிச் சங்கம் பிரித்தானியாவில் 1958 இல் அமைக்கப்பட்டது. அச்சங்கம் இலண்டனிலிருந்து பிரைட்டன் வரை பழைய லாரிகளையும் பேருந்துகளையும் ஓட்டிச் செல்லும் நிகழ்வை 1962 முதல் நடத்தி வருகிறது. அமெரிக்கச் சுமையுந்து வரலாற்றுக் கழகம் 1971 இல் உருவானது. லேலண்டு ஊரிலேயே பிரித்தானிய வணிக ஊர்திக் காட்சியகம் 1983 இல் திறக்கப்பட்டது.

இந்தியாவில் கிடைக்கும் பழைய சுமையுந்துகள்

விடுதலைக்குப் பிந்தைய முதல் முப்பது ஆண்டுகளில் இந்தியச் சாலைகளில் ஓடிய லாரிகளுள் பின்வருவன சேகரிப்பாளர்களால் குறிப்பிடப்படுபவை:

* லேலண்ட் காமெட் - சென்னை எண்ணூரில் 1948 இல் ஆஸ்டின் மகிழுந்துகளைப் பொருத்துவதற்காகத் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், பின்னர் லேலண்டுடன் கூட்டுச் சேர்ந்து 1955 இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறியது. காமெட் அதன் தொடக்ககால வண்டி.
* டாட்டா மெர்சிடிஸ்-பென்ஸ் - டெல்கோ நிறுவனம் செருமனியின் டைம்லர்-பென்சுடன் 1954 இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி உருவானது. உடன்பாடு 1969 இல் முடிந்தபின் முகப்பிலிருந்த மூன்று முனை விண்மீனுக்குப் பதிலாக டாட்டாவின் 'டி' எழுத்து இடம்பெற்றது. வண்டியின் காலத்தைக் கணிக்க முகப்புச் சின்னம் உதவுவதற்கு இதுவே காரணம்.
* டாட்ஜ், பார்கோ, டிசோட்டோ - கிறைசுலர் நிறுவனத்தின் உரிமத்தில் மும்பையின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்தவை. மூன்றும் பெரும்பாலும் ஒரே வண்டியின் மூன்று பெயர்களாகும்.
* பெட்போர்டு - இந்துஸ்தான் மோட்டார்சால் செய்யப்பட்டது.
* சக்திமான் - செருமனியின் மான் நிறுவன உரிமத்தில் 1959 முதல் சபல்பூரில் படைத்துறைக்காகச் செய்யப்பட்டது. படைத்துறை ஏலங்களின் வழியே தனியாரிடம் வந்தது.

வேலூர் - ஆம்பூர் தோல் தொழில் வட்டாரம்

தமிழ்நாட்டின் பாலாற்றுப் படுகையில் இராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் தோல் பதனிடுதல் செறிந்துள்ளது. 2019 இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் அடங்கும். தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டிப் பாதை 1856 இல் இராயபுரத்திலிருந்து இப்பகுதியின் வாலாசா சாலை வரையே போடப்பட்டது. எனினும் தொழிற்கூடத்தின் வாயில்வரை சரக்கைக் கொண்டுசேர்த்தது லாரியே. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை இவ்வூர்களின் வழியே செல்கிறது.

சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிகளிலிருந்து உப்பிட்ட பச்சைத் தோலும், மலைப்பகுதிகளிலிருந்து பதனிடுவதற்கான வாட்டில் பட்டையும் உள்வரும் சரக்குகள். பதனிட்ட தோலும் காலணியும் வெளிச்செல்வன. இவற்றுள் உப்பிட்ட தோல் வண்டிக்குப் பெருங்கேடு விளைவிப்பது. தோலிலிருந்து வடியும் உப்புநீர் பலகை இடுக்குகளின் வழியே இறங்கி, சட்டகத்தின் குறுக்குச் சட்டங்களிலும் தறையாணிகளைச் சுற்றியும் தங்கி இரும்பை அரிக்கும். வெளித்தோற்றத்தில் நன்றாக உள்ள வண்டியும் உட்புறம் உளுத்திருக்கலாம். ஆகவே இத்தகைய சரக்கேற்றிய லாரியை வாங்குவோர் முதலில் சோதிக்க வேண்டியது பொறியை அன்று, சட்டகத்தையே ஆகும்.

மறுபுறம், இத்தொழில் மீட்டமைப்புக்குப் பயன்படும் ஒரு பொருளையும் தருகிறது. தொடக்ககால ஊர்திகளில் எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் வளையங்கள், கூம்பு வடிவ உரசிணைப்பியின் மேலுறை, கைப்பம்பின் வாசர் ஆகியவை தோலால் ஆனவை. இவற்றைத் தாவரப் பட்டையால் பதனிட்ட தடித்த தோலிலிருந்து வெட்டி, எண்ணெயில் ஊறவைத்துப் புதிதாகச் செய்யலாம்.

மீட்டமைக்கும் முறை

ஆவணப்படுத்தல்: பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பகுதியும் ஒளிப்படம் எடுக்கப்பட்டு, சட்டக எண்ணும் பொறி எண்ணும் குறிக்கப்படுகின்றன. பழைய வண்ணப்பூச்சின் அடுக்குகளைச் சிறிதளவு சுரண்டிப் பார்த்தால் முதல் நிறம் தெரியவரும்.

சட்டகம்: மணல் வீச்சால் துரு நீக்கப்பட்டு, வளைவு, வெடிப்பு ஆகியவை சோதிக்கப்படும். தளர்ந்த தறையாணிகள் மாற்றப்படும். பட்டை வில்கள் பிரித்து மீண்டும் வளைக்கப்பட்டு, கிங்பின், புஷ் முதலியன புதுப்பிக்கப்படும்.

பொறி: உருளைகளைத் துளையகலம் செய்தல் அல்லது லைனர் மாற்றுதல், வணரித்தண்டைத் தேய்த்துச் சீராக்குதல், டீசல் பம்பையும் நாசிலையும் அளவிட்டுச் சரிசெய்தல் ஆகியன முதன்மையான பணிகள். உதிரிப் பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகள் நாடப்படுகின்றன. கிடைக்காதவை கடைசல் பட்டறையில் செய்துகொள்ளப்படும்.

கூடு: இந்தியாவில் லாரி நெடுங்காலம் முகப்பும் சட்டகமும் மட்டுமாகவே விற்கப்பட்டது. ஓட்டுநர் அறையையும் சரக்குத் தொட்டியையும் நாமக்கல் போன்ற ஊர்களின் கூடு கட்டும் பட்டறைகள் மரத்தாலும் தகட்டாலும் கட்டின. ஆகவே ஒரே ஆண்டில் வெளிவந்த இரு லாரிகளின் கூடுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. இப்பகுதிக்கு நிறுவன வரைபடம் கிடையாது. பழைய ஒளிப்படங்களும் மூத்த தச்சர்களின் நினைவுமே சான்றுகளாகும்.

பாதுகாப்பு: பழைய தடுப்புப் பட்டைகளில் கல்நார் இருக்கலாம், பழைய செவ்வண்ணப் பூச்சில் ஈயம் இருக்கலாம். இவற்றை உலர்நிலையில் தேய்த்தல் நுரையீரலுக்குக் கேடானது. பூட்டு வளையம் கொண்ட சக்கரங்களில் வளையம் சரியாக அமராமல் காற்றடைத்தால் அது பெருவிசையுடன் தெறிக்கும். இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றடைத்தல் வேண்டும்.

அசல்நிலை குறித்த கருத்து வேறுபாடு

எந்தக் காலத்து நிலைக்கு மீட்பது என்பது இப்பொழுதுபோக்கின் அடிப்படைக் கேள்வியாகும். எடுத்துக்காட்டாக, பெட்ரோலில் ஓடிய லாரிகள் பலவற்றில் பின்னர் சென்னை சிம்சன் நிறுவனம் செய்த பெர்கின்ஸ் பி6 டீசல் பொறி பொருத்தப்பட்டது. அதை அகற்றி மூலப் பொறியைத் தேடிப் பொருத்துவதே சரி என்பர் ஒரு சாரார். அம்மாற்றமும் இந்தியப் போக்குவரத்து வரலாற்றின் பகுதியே, அதை அழிக்கலாகாது என்பர் மற்றொரு சாரார். ஃபீவா ஏற்றுள்ள 'துரின் சாசனம்' ஊர்தியின் வாழ்நாளில் நிகழ்ந்த மாற்றங்களுக்கும் வரலாற்று மதிப்பு உண்டு என்றும், தேவைக்கு மிகுதியாகப் புதுப்பித்தல் கூடாது என்றும் கருதுகிறது.

இந்தியாவில் சட்டநிலை

மையமோட்டார் வாகன விதிகளில் 2021 சூலையில் செய்யப்பட்ட திருத்தம், 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஊர்திகளை 'விண்டேஜ்' எனத் தனியே பதிவுசெய்ய வழிவகுத்தது. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பதிவெண்ணில் 'விஏ' என்னும் எழுத்துகள் இடம்பெறும். ஆனால் இவ்விதி சொந்தப் பயன்பாட்டுக்கான இருசக்கர ஊர்திகளுக்கும் மகிழுந்து வகைக்கும் மட்டுமே உரியது. சரக்கு ஊர்தி வகை இதில் சேர்க்கப்படவில்லை.

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 56 ஆம் பிரிவின்படி, தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து ஊர்தியின் பதிவு செல்லத்தக்கதாகக் கருதப்படாது. ஆகவே சரக்கே ஏற்றாத பழைய லாரியும் சாலையில் ஓட வேண்டுமெனில், தொழில் செய்யும் லாரிக்குரிய சோதனையைக் கடக்க வேண்டியுள்ளது. இயலாதவர்கள் தம் லாரியை மற்றொரு லாரியில் ஏற்றியே கண்காட்சிக்குக் கொண்டுசெல்ல நேரிடும். மேலும் 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டுகளைக் கடந்த அரசு ஊர்திகளின் பதிவு நீக்கப்படுகிறது. புகையும் விபத்தும் குறைய இது உதவும் எனினும், நகராட்சித் தண்ணீர் வண்டி போன்றவற்றுள் அரியவை எவை என ஆராயப்படாமலே உடைக்கப்படும் வாய்ப்பும் இதில் உள்ளது.

காட்சியகங்களும் நிகழ்வுகளும்

இந்தியாவின் பழைய ஊர்தி நிகழ்வுகளுள் தில்லியில் 1964 முதல் நடைபெற்றுவரும் ஸ்டேட்ஸ்மன் பேரணி குறிப்பிடத்தக்கது. அரியானாவின் தாவுரு ஊரில் 2013 இல் திறக்கப்பட்ட பாரம்பரியப் போக்குவரத்துக் காட்சியகத்தில் மாட்டுவண்டி முதல் வானூர்தி வரை இடம்பெற்றுள்ளன. 1920 இல் பொள்ளாச்சி - பழனி இடையே பேருந்து ஓட்டித் தொழிலைத் தொடங்கிய ஜி. டி. நாயுடுவின் பெயரில் கோயம்புத்தூரில் 2015 இல் திறக்கப்பட்ட ஜீடி காட்சியகம் மகிழுந்துகளையே முதன்மையாகக் கொண்டது.

இவற்றையும் பார்க்க

* அசோக் லேலண்ட்
* டாட்டா மோட்டார்ஸ்
* தோல் பதனிடுதல்
* ஜி. டி. நாயுடு